ஆறு மணி மோர்

ஜூன் 9, திங்கள்

போதை மறுவாழ்வு மையத்தில் பிலோமி சிஸ்டர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். வீட்டில் இருப்பவர்கள் எழுத வேண்டுமாம். மருந்துக்கு வருகிறவர் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், எப்போது தூங்கினார், மனநிலை எப்படி என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். மனநிலைக்கு ஒரு விரல் அகலம் இடம். என் வீட்டுக்காரர் சீலனின் மனநிலையை ஒரு விரல் அகலத்துக்குள் எழுத முடிந்தால் எனக்கு ஏன் இந்தப் பாடு? அந்த நோட்டில் சிஸ்டருக்கு வேண்டியதை எழுதிவிட்டு மிச்சத்தை இதில் எழுதலாம் என்று முடிவு செய்தேன். இது போன வருஷம் புடவைக் கடையில் கொடுத்த டைரி. கிழமையெல்லாம் தப்பு. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

இவர் போதை ஊசியை விட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். கன்டெய்னர் லாரி ஓட்டியவர். முதுகு வலிக்கு என்று எவனோ பழக்கிவிட்ட ஊசி, நாலு வருஷத்தில் லைசென்ஸையும் லாரியையும் விழுங்கிவிட்டது. இப்போது தினமும் காலை ஒன்பதரைக்கு மையத்துக்குப் போகிறோம். ஊசிக்குப் பதிலாக ஒரு மாத்திரை. அதைக் கையில் கொடுக்க மாட்டார்கள். சிஸ்டர் பொடித்து நாக்குக்கு அடியில் கொட்டுவார். கரையும்வரை பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. ராயபுரத்தின் மொத்த வாய்ச்சவடாலும் பெஞ்சில் வரிசையாக வாயைப் பூட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கும். கரைந்ததும் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்து போகலாம்.

மருந்துக்கு முன்னால் எல்லாரிடமும் ஒரே கேள்வி. "நேத்து வேற ஏதாச்சும் போட்டீங்களா? ஊசி, சரக்கு, தூக்க மாத்திரை?"

"இல்ல சிஸ்டர்," என்றார் இவர். நிஜம்தான். நான் பக்கத்திலேயே இருந்தேனே.

ஜூன் 11, புதன்

கோபம் வந்தால் இவரை இவன் என்று எழுதுவேன். என் டைரி, என் இஷ்டம்.

காலையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார். தண்ணீர் பிடிக்கிறார், வெங்காயம் நறுக்குகிறார், நான் புடவைக்குக் குஞ்சம் கட்டும்போது நூலைப் பிடித்துக் கொடுக்கிறார். ஐந்தரை ஆனதும் பிடித்துக்கொள்கிறது. உட்காருவது, எழுந்திருப்பது, கட்டிலுக்கும் கதவுக்கும் நடப்பது. பத்தடி வீட்டில் ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு நடக்கிறார். ஆறு மணிக்குத்தான் அந்தக் காலத்தில் ரயில்வே லைன் ஓரம் ஊசிக் கூட்டம் சேருமாம். இன்றைக்கும் சரியாக ஆறுக்குச் சந்து முனையில் ஓர் ஆட்டோ வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு நின்றது.

"யாரு?" என்றேன்.

"யாரோ. வுடு மே." கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

அதே ஹாரன். அதே கால். எனக்குத் தலைவலி.

ஜூன் 14, சனி

இவன் ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தடுத்தேன். "தோ, காத்து வாங்கினு வரேன்" என்றான். ஏழரைக்குத் திரும்பினான். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் ஒரே குஞ்சத்தை நாலு தடவை கட்டி நாலு தடவை அவிழ்த்தேன். வந்ததும் வெட்கத்தை விட்டுப் பாக்கெட்டைத் தேடினேன், முழங்கையை விளக்கில் பார்த்தேன், தொடை இடுக்குவரை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"போடல மே. லைனாண்ட போயி நின்னேன். பாத்தேன். வந்துட்டேன்."

எதற்காகப் போய்ப் பார்க்க வேண்டும்? பார்க்க அங்கே என்ன தேரா ஓடுகிறது? கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை அந்த நாலு வருஷத்தைப் பார்க்க என் உடம்பில் தெம்பு இல்லை. செத்தே போவேன்.

ஜூன் 16, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு மோர் கடைந்து கொடுத்தேன். பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு கொஞ்சம் தூக்கலாக. ஆறு இருபதுக்கெல்லாம் கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஆட்டோ வந்தது, ஹாரன் அடித்தது, போனது. நான் நிம்மதியாக இரண்டு புடவை முடித்தேன்.

சிஸ்டர் நோட்டில் எழுதியது: நல்ல தூக்கம். மனநிலை அமைதி.

ஜூன் 17, செவ்வாய்

மோர். தூக்கம்.

ஜூன் 19, வியாழன்

"உன் மோருல இன்னாமோ கீது மே. குடிச்சா கண்ணு சொக்குது," என்று சிரிக்கிறார். நானும் சிரித்தேன்.

இங்கே எழுதுவதற்கு என்ன பயம்? யாரும் படிக்கப் போவதில்லை. மோரில் தூக்க மாத்திரை போடுகிறேன். என்னுடையதுதான். இவர் ரயில்வே லைனில் கிடந்த காலத்தில் நான் தூங்காமல் பைத்தியம் பிடித்து அலைந்தபோது டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தது. பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கலில் இன்னும் தருகிறார்கள். சிஸ்டர் பொடிக்கிற மாதிரியே இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்தேன். கசப்பு தெரியாமல் இருக்கத்தான் பெருங்காயம்.

விஷமா வைக்கிறேன்? டாக்டர் கொடுத்த மருந்து. நான் ஒன்றரை வருஷம் தின்றேன், குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். மையத்தில் கொடுப்பதும் மருந்து, நான் கொடுப்பதும் மருந்து. சிஸ்டருக்குக் காலை, எனக்குச் சாயங்காலம்.

இன்று காலை அந்தக் கேள்விக்கு இவர் "இல்ல சிஸ்டர்" என்றபோது நான் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதே.

ஜூன் 21, சனி

மையத்தில் குடும்பக் கூட்டம். போகாவிட்டால் சிஸ்டர் முகம் சுளிப்பார் என்று குஞ்ச நூலையும் எடுத்துக்கொண்டு போனேன். கை பாட்டுக்கு முடிச்சுப் போட்டது.

காதர் பாய் பேசினார். மையத்துக்காகத் தெருத்தெருவாகப் போய் ஊசிக்காரர்களைப் பார்த்துப் பேசி இட்டு வருகிறவர். அவரே பழைய ஊசிக்காரர். சீலனையும் அவர்தான் லைன் ஓரத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஜோதி என்று அவருடைய கூட்டாளி ஒருவனைப் பற்றிச் சொன்னார்.

"ஊசி போட்டுக்கினான். பத்தலன்னு ரெண்டு தூக்க மாத்திர. அப்பிடியே சாஞ்சி கொறட்ட வுட ஆரம்பிச்சான். எங்க ஆளுங்களுக்குத் தூக்கம்ன்றது லேசுல வராது. மூணு நாளு முழிச்சினு கெடந்தவன் தூங்கினான்னா அவன எவனும் தொட மாட்டான். அது எங்களுக்குள்ள ஒரு சட்டம். நான் அவன் செருப்பக் கழட்டி வெச்சேன். மூஞ்சில வெயிலு படுதேன்னு அட்டைய வெச்சி மறைச்சேன். ஒரு மணி நேரம் பொறுத்துப் பாத்தா கொறட்ட நின்னுபோச்சி. நல்லா தூங்குறாண்டான்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

பிறகு சிஸ்டர் பேசினார். ஊசி மருந்தும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூளை மூச்சு விடுவதையே மறந்துவிடுமாம். தனித்தனியாகத் தாங்குகிற உடம்பு இரண்டும் சேர்ந்தால் தாங்காதாம். நடுவில் புடவைக் கடையிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். வருவதற்குள் கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாவம் அந்த ஜோதி. ஆனால் இதெல்லாம் ஊசி போடுகிறவர்களுக்குச் சொல்வது. எங்கள் வீட்டில் ஊசி இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

மோர் குடித்தும் ஏழு மணிக்கே எழுந்துவிட்டார். உடம்பை முறுக்குகிறதாம், எலும்புக்குள் எறும்பு ஊர்கிறதாம். திரும்ப நடை. கட்டில், கதவு, கட்டில், கதவு. ஏழரைக்கு ஆட்டோ இன்னொரு தடவை வந்தது. இந்த லைன் பசங்களுக்கு வேறு வேலை வெட்டியே கிடையாதா? வாசலில் போய் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்துகொண்டது.

ஜூன் 26, வியாழன்

டாக்டர் வரும் நாள். சாயங்காலத்தில் உடம்பு முறுக்குவதை இவர் வாயைத் திறந்து சொன்னார். சந்தோஷமாக இருந்தது. முன்பெல்லாம் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

"ராத்திரி தூக்கம் எப்படி?" என்று டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "நல்ல தூக்கம்னு போட்டிருக்கே."

"தூங்குறாரு டாக்டர்," என்றேன்.

மருந்து பத்தவில்லை என்று சொல்லி நாளையிலிருந்து அளவைக் கூட்டி எழுதினார். நாலு நாள் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மயக்கமாக இருந்தால் உடனே போன் செய்யுங்கள் என்று சிஸ்டர் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

காதர் பாய் இன்னொரு நல்ல செய்தி சொன்னார். அவருக்குத் தெரிந்த பேட்டரி கடையில் ஒன்றாம் தேதியிலிருந்து இவருக்கு வேலை. திரும்பும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடுத்தெருவில். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை விடவில்லை.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள். அதுவரை ஆறு மணி எதுவும் இவரைத் தொடக்கூடாது.

ஜூன் 27, வெள்ளி

மோர் கொடுத்தாச்சு. இன்றைக்கு இரண்டு போட்டேன். மருந்து கூட்டிய முதல் நாள், முறுக்கல் எப்படி இருக்குமோ என்று.

ஆறு ஐந்துக்கே படுத்துவிட்டார். ஆறே காலுக்குக் குறட்டை. இப்படி ஒரு குறட்டையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. ஆட்டோ வந்து கத்திவிட்டுப் போனது. போடா, அவர் தூங்குகிறார். காலில் கிடந்த போர்வையை இழுத்துவிட்டேன். இன்னும் நாற்பது முடிச்சு பாக்கி. வாசலில் செருப்புச் சத்தம். காதர் பாய் போல இருக்கிறது. பேட்டரி கடை விஷயமாக வருகிறேன் என்றிருந்தார்.

ஜூன் 30, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காதர் பாய் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். "இன்னாமா, மாப்ள தூங்குறானா?" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றது. நின்ற இடத்திலேயே காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது கொறட்ட இல்லமா," என்றார்.

உதட்டைப் பார்த்தார். கரு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை. நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்துத் தேய்த்தார், சீலா சீலா என்று கூப்பிட்டார். கண் திறக்கவில்லை. தலையை மல்லாத்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். "நூத்தியெட்டுக்கு அடி. அடிச்சிட்டு மூச்ச எண்ணு" என்றார். போன் அடித்தேன். எண்ணினேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன், இரண்டாவது மூச்சு வரவில்லை.

மயங்கினவர்களை எழுப்ப மையத்தில் கொடுத்து வைத்திருக்கும் ஓர் ஊசியைப் பையிலிருந்து எடுத்துத் தொடையில் போட்டார். திரும்ப ஊதினார். கொஞ்சம் அசைவு. இன்னொன்று போட்டார். முழுசாகத் தெளியவில்லை. அப்போதுதான் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த ஊசி அந்த மருந்தோட வேகத்தத்தாம்மா எறக்கும். தூக்க மாத்திரைய எறக்காது. தூக்க மாத்திர எதுனா போட்டானா?"

"தெரியல பாய்," என்றேன்.

ஆம்புலன்ஸில் கேட்டார்கள். தெரியாது. ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் கேட்டார். தெரியாது. பெரிய டாக்டர் கேட்டார். அழுதேன். அழுகிறவளை அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் மூச்சுக்குக் குழாய். நேற்று எடுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "ஒண்ணாந்தேதியா இன்னிக்கு?"

சிறுநீர் டெஸ்ட்டில் தூக்க மாத்திரை இருப்பது தெரிந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பேட்டரி கடைக்காரர் காதர் பாய்க்குப் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். மோர் வேண்டுமா என்று இவர் கேட்கவில்லை. நான் தரவும் இல்லை. இனிமேல் தர மாட்டேன். மாத்திரை அட்டையை நூல் டப்பாவின் அடியில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடத்தான் வேண்டும். குப்பைத் தொட்டி இருக்கிற தெருக்குழாய்ப் பக்கம் எப்போதும் ஆள் நடமாட்டம்.

ஜூலை 3, வியாழன்

மையத்தில் டாக்டர் மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார். கோபத்தில் இல்லை, பயத்தில்.

"எதைப் போட்ட, எங்க வாங்கினன்னு நிஜத்தைச் சொல்லு. இவன் உடம்புல வேற என்ன ஓடுதுன்னு தெரியாம நான் மருந்தைக் கூட்ட முடியாது. மையத்துல கொடுக்கிற மாத்திரையும் ஊசி மருந்தோட இனம்தான்ப்பா. அதுமேல தூக்க மாத்திரை போட்டா, ஊசிமேல போட்ட மாதிரிதான்."

"நான் போடல சார்."

"டெஸ்ட்டு சொல்லுது."

"போடல சார். எங்கம்மா மேல சத்தியம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டியே நம்பவில்லை, பாவம் என்று.

சிஸ்டர் சொன்னார்: "அன்னிக்குக் கூட்டத்துல இதைத்தானே சொன்னேன் ரூபா." நான் போன் பேச வெளியே போயிருந்தேன் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டார். தகரப் பெட்டி, தலையணை உறை, பழைய செருப்பு, அரிசி டின், எல்லாம். என்ன தேடுகிறீர்கள் என்றேன்.

"மாத்திர அட்ட." தலை நிமிரவில்லை. "தூக்கத்துல எழுந்து போயி நானே வாங்கிப் போட்டுக்கினேனா இன்னான்னு தெரில மே. டெஸ்ட்டு பொய் சொல்லுமா? எனக்குத் தெரியாமயே எங்கையி போட்டிருக்குது போல. நாலு வருசம் போட்ட கையி."

நூல் டப்பாவை எடுத்துக் குலுக்கினார். மூடியைக்கூடத் திறந்தார். மேலே இருந்த ஜரிகைக் கண்டைப் பார்த்துவிட்டு, "உன்னுது," என்று மூடி வைத்தார். என் பொருளில் கை வைக்கக்கூடாது என்று நான்தான் ஒரு காலத்தில் கத்தி வைத்திருந்தேன்.

அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? போலீஸா? என்னை விட்டுப் போவாரா? வாய் அப்படியே நின்றுவிட்டது. ஊரையே வாயால் கிழிக்கிறவள் நான்.

ஜூலை 5, சனி

ஆறு மணி. ஹாரன். இவர் எழுந்து சட்டை போட்டார். நான் கதவில் நின்றேன்.

"போட்டாலும் போட்டேன்றீங்க, போடாட்டியும் போட்டேன்றீங்க. அதுக்குப் போட்டுனே போலாம் இல்ல? வழி வுடு ரூபா."

ரூபா என்றார். மே இல்லை. போய்விட்டார்.

காதர் பாய்க்குப் போன் செய்தேன். "எங்க போனான், லைனா?" என்றார். "டாக்டரு மருந்தக் கொறச்சிட்டாருமா. ஆஸ்பத்திரில வேற கெடந்தான். பழைய ஒடம்பு இல்ல அது. பழைய அளவுல இப்ப ஒரு தடவ போட்டான்னா அவ்ளோதான். கூட அங்கத்திய பசங்க மாத்திர வேற கலக்குவானுங்க. நான் போறேன்."

எட்டேகாலுக்கு இட்டு வந்தார். ஊசி கையில் ஏறவில்லை. ஏற்றுவதற்கு முன்னால் பிடித்துவிட்டாராம். எத்தனை நிமிஷம் முன்னால் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் போன் வந்தது நிஜம். ஆனால் சிஸ்டர் "இங்க தர்ற மாத்திரையோட கூட" என்று ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன். காதில் விழுந்தது. முழுசாக விழுந்தது. கடைக்காரர் கேட்டது ஒரு கேள்விதான், சிவப்பு நூலா பச்சை நூலா. அதற்குப் பத்து நிமிஷம் வெளியே நின்றிருந்தேன். பெருங்காயம் வாங்க வேண்டும் என்று அங்கே நின்றுதான் நினைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் இந்த டைரியையும் அட்டையையும் நூல் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டர் வழக்கமான கேள்வி கேட்டார். "நேத்து வேற ஏதாச்சும் போட்டீங்களா?" முதல் நாளிலிருந்து தினமும் நிமிர்ந்து "இல்ல சிஸ்டர்" என்று சொன்ன ஆள், தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரில சிஸ்டர்," என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நேத்து ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஆஸ்பத்திரில இருந்து வந்தப்புறம் எதுவும் இல்ல," என்றேன். அது நிஜம். சிஸ்டர் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், மருந்தைப் பொடித்து நாக்குக்கு அடியில் போட்டார். இவர் வாயை மூடிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் நாலு பேர், எல்லாரும் வாய் பூட்டியவர்கள். காதர் பாய் கதவு ஓரம் நின்றிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சொன்னேன். இவரால் என்னைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்க முடியாத பத்து நிமிஷம். அவ்வளவு தைரியம்தான் எனக்கு.

"சிஸ்டர், அவரு போடல. ஜூன் பதினாறுல இருந்து தெனமும் மோருல நான்தான் பொடிச்சுப் போட்டேன். மருந்து கூட்டின அன்னிக்கு ரெண்டு போட்டேன். அவருக்குத் தெரியாது. தோ அட்ட. தோ தேதியெல்லாம் எழுதியிருக்கேன்."

டைரியை மேஜைமேல் வைத்தேன். சிஸ்டர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதர் பாய் சுவரில் சாய்ந்துகொண்டார். பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாயும் திறக்கவில்லை. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. வாய் கோணிக்கொண்டு வந்தது. துப்பிவிட்டு எழுந்து வருவார், என்னை அறைவார், அல்லது வெளியே போய் அந்த ஆட்டோவில் ஏறுவார் என்று நினைத்தேன். துப்பினால் இன்றைய மருந்து போய்விடும், சாயங்காலம் ஆறு மணி வந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உதட்டைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றைக்கு மூச்சு எண்ணியபோது தெரிந்தது. இன்றைக்கும் தெரிந்தது.

சிஸ்டர் வந்து நின்றார். இவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். கரைந்திருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. காதர் பாயைப் பார்த்தார்.

"பாய், கேட்டியா? நான் போடல."

"கேட்டேன்டா."

"சிஸ்டர், நான் போடல."

"ஆமா சீலன். நீங்க போடல."

பெஞ்சில் இன்னும் வாயில் மருந்தோடு இருந்த ஒவ்வொருவனிடமும் போய்ச் சொன்னார். நான் போடல. நான் போடலடா. அவர்கள் வாய் பேச முடியாமல் தலையை ஆட்டினார்கள். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. படியில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

சிஸ்டர் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். திட்டினார், நன்றாகவே திட்டினார். பிறகு, இதை இருபத்தேழாம் தேதியே சொல்லியிருந்தால் அவர் குழாயோடு கிடந்த நேரத்தில் டாக்டர்களுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்றார். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். டைரியைப் படித்துவிட்டு மத்தியானம் திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை டாக்டர் வந்ததும் மருந்தின் அளவைத் திரும்பப் பார்ப்பாராம். எனக்கும் தூக்கத்துக்கு வேறு டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்வாராம். என்னைப் பற்றி யாரும் கேட்டு நாலு வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு வரும்போது இவர் பத்தடி முன்னால் நடந்தார். கையைப் பிடிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாதத்தை அவரே போட்டுக்கொள்கிறார். தண்ணீரை அவரே குடத்திலிருந்து மொண்டு குடிக்கிறார். நான் தொட்ட டம்ளரைக் கழுவிவிட்டுத்தான் எடுக்கிறார். சரிதான். எனக்கு அது வேண்டும்.

ஐந்தரைக்கு நடை ஆரம்பித்தது. கட்டில், கதவு, கட்டில், கதவு. நான் குஞ்சத்தில் கண்ணை வைத்திருந்தேன். ஆறு மணிக்கு ஆட்டோ ஹாரன் அடித்தது. இரண்டு தடவை. இவர் நின்றார். தடுக்க எனக்கு இனி என்ன உரிமை?

அடுப்பு மேடைக்குப் போனார். தயிர்ப் பாத்திரத்தை எடுத்தார். தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, கரண்டியால் அடித்துக் கலக்கினார். கடையத் தெரியாது, வெறும் கலக்கல்தான். இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

வெளியே ஆட்டோ கிளம்பிப் போனது.

நான் டம்ளரை எடுத்தேன். குடிப்பதற்கு முன் ஒரு நொடி உள்ளே பார்த்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடி மே," என்றார். "நான் ஒண்ணும் போடல."

குடித்தேன். உப்பு அதிகம்.